உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர், அடுத்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோட பேசுமா?

1/
தலைச்சோலை பக்கத்துல இருந்து ஒரு அம்மா என்கிட்ட வருவாங்க. வயசு ஐம்பதைத் தாண்டும். காபித் தோட்ட வேலை. பிரஷர், சுகர் ரெண்டுக்கும் பல வருஷமா மாத்திரை.

அவங்களுக்கு பெனிசிலின் வகை மருந்து ஒத்துக்காது. முன்னாடி ஒரு தடவை ஊசி போட்டதும் உடம்பு பூரா தடிச்சு, மூச்சு வாங்கிடுச்சு. அதை அன்னைக்கே கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சோம். எங்க ஆஸ்பத்திரியில அவங்க பேரைத் தட்டினாலே சிவப்பு எழுத்துல எச்சரிக்கை வரும்.

2/
ஒரு மழைக்காலம். கீழே மகள் வீட்டுக்குப் போயிருந்தப்போ கால்ல புண் பழுத்து, காய்ச்சல். சமவெளியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்லை, தேவையும் இல்லை.

அங்கேயும் கம்ப்யூட்டர் இருந்தது. நல்ல கம்ப்யூட்டர். ஆபா எண் கேட்டாங்க, இல்லைன்னதும் அங்கேயே உருவாக்கிக் கொடுத்தாங்க. அடுத்த திரையில "மருந்து ஒவ்வாமை"ன்னு ஒரு கட்டம். நிரப்பாம அடுத்த பக்கம் போக முடியாது.

"அலர்ஜி ஏதும் இருக்காம்மா?"
"இல்லீங்க."

இல்லைன்னு பதிவாச்சு. அமாக்ஸிசிலின் கலந்த ஊசி ஏறுச்சு. பத்து நிமிஷத்துல பிரஷர் இறங்கி, மூச்சு முட்டிடுச்சு.

3/
டியூட்டி டாக்டர் தாமதிக்காம அட்ரினலின் போட்டதால பிழைச்சாங்க.

நர்ஸ் மேல தப்பில்லை, கேள்வி கேட்டாங்க. அந்தம்மா மேலயும் தப்பில்லை, "அலர்ஜி"ங்கிற வார்த்தையே அவங்களுக்குத் தெரியாது. "எந்த ஊசியாவது போட்டு உடம்பு தடிச்சுதா?"ன்னு கேட்டிருந்தா கதையே சொல்லியிருப்பாங்க.

ஆனா ஒண்ணு யோசிங்க. மேலே ஒரு கம்ப்யூட்டருக்கு அந்த உண்மை தெரியும். கீழே ஒரு கம்ப்யூட்டருக்கு அது தேவைப்பட்டது. ரெண்டும் "டிஜிட்டல்" ஆஸ்பத்திரிதான். நடுவுல ஏற்காடு மலைப்பாதையோட 20 கொண்டை ஊசி வளைவு. நோயாளி இறங்கிப் போயிட்டாங்க. தகவல் மலையிலேயே நின்னுடுச்சு.

இந்த இழை அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

4/
முதல்ல, தரநிலைன்னா என்ன?

எங்க மலையில காபிக்கொட்டையைத் தரம் பிரிப்பாங்க. பிளாண்டேஷன் ஏ, பீபெர்ரின்னு மூட்டை மேல எழுதிட்டா போதும். வாங்குறவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு புரியும். ஒவ்வொரு தோட்டமும் தனக்குப் பிடிச்ச பேரை வெச்சிருந்தா வியாபாரமே நடக்காது.

இன்னொரு உதாரணம் உங்க கையிலேயே இருக்கு. ஜிபேல இருந்து ஃபோன்பேக்குப் பணம் போகுது. ரெண்டும் வேற வேற கம்பெனி. 2016-ல வந்த யுபிஐங்கிற பொது விதிக்கு ரெண்டும் கட்டுப்பட்டதால போகுது.

பத்து ரூபாய் டீ காசு போகுது. உயிர் காக்கிற ஒரு வரித் தகவல் போக மாட்டேங்குது.

5/
மருத்துவத் தகவல் ஊர் மாறிப் போகணும்னா நாலு விஷயத்துல எல்லாரும் ஒத்துப்போகணும்.

ஒண்ணு, ஆள் யார். இதுக்குத்தான் 14 இலக்க ஆபா எண்.

ரெண்டு, நோய்க்கும் பரிசோதனைக்கும் ஒரே பேர். நான் "சுகர்"னு எழுதுவேன், இன்னொருத்தர் "டிஎம்"ன்னு எழுதுவார். ஐசிடி-10 பட்டியல்ல இரண்டாம் வகை சர்க்கரை நோய்னா எங்கே போனாலும் இ11. நோய், ஒவ்வாமை, அறிகுறி எல்லாத்துக்கும் இன்னும் நுணுக்கமான குறியீடு தர்றது ஸ்னோமெட் சிடி. லேப் பரிசோதனைக்கு லாயின்க்.

மூணு, அளவு. எந்த அலகுல சொல்றோம்.

நாலு, இதையெல்லாம் எந்த உறையில போட்டு அனுப்பறோம். அந்த உறைக்குப் பேர் ஃபயர். நெருப்பு இல்லீங்க, கம்ப்யூட்டர்கள் மருத்துவத் தகவலைப் பரிமாறிக்கிற ஒரு முறை.

6/
"நம்ம நாட்டுல இதெல்லாம் இருக்கா டாக்டர்?"

இருக்கு. 2013-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலையை வெளியிட்டது. 2016-ல திருத்தி வந்தது. 2014-ல இந்தியா ஸ்னோமெட் அமைப்புல உறுப்பு நாடாச்சு, அதனால இங்கே அதைப் பயன்படுத்தத் தனியா உரிமக் கட்டணம் கிடையாது. புனேல சி-டாக் நிறுவனத்துல இதுக்குன்னே ஒரு தேசிய மையம் இருக்கு.

2020 ஆகஸ்ட் 15 அன்னைக்கு தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிச்சாங்க. 2021 செப்டம்பர் 27-ல ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ங்கிற பேர்ல நாடு முழுக்க வந்தது.

ஆக, விதி இல்லைன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. விதி வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

7/
அப்புறம் எங்கே இடிக்குது?

இந்தத் திட்டத்துல ஆஸ்பத்திரி மென்பொருளுக்கு மூணு மைல்கல் வெச்சிருக்காங்க.

முதலாவது: நோயாளிக்கு ஆபா எண் உருவாக்கி, பதிவோட சேர்க்கிறது.
ரெண்டாவது: நோயாளியோட பதிவை அந்த எண்ணோட இணைச்சு, கேட்டா அனுப்புறது.
மூணாவது: வேற ஆஸ்பத்திரியில இருக்கிற பதிவை, நோயாளி சம்மதத்தோட வாங்கிப் பார்க்கிறது.

அந்தம்மாவுக்குக் கீழே நடந்தது முதல் மைல்கல் மட்டும்தான். எண் பிறந்தது. அந்த எண்ணுக்குப் பின்னாடி எதுவுமே இல்லை. வீட்டு வாசல்ல நம்பர் பலகை மாட்டிட்டோம், வீடு இன்னும் கட்டலை.

8/
ரெண்டாவது மைல்கல் தாண்டினாலும் ஒரு ஓட்டை இருக்கு. இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி, ஃபயர் உறைக்குள்ள வெச்சு அனுப்பினாலும் விதி ஏத்துக்கும். தேர்வுல பாஸ். ஆனா உள்ளே இருக்கிறது ஒரு படம். மனுஷன் திறந்து படிச்சாத்தான் உண்டு. "பெனிசிலின் ஒத்துக்காது"ன்னு நாலாவது பக்கத்துல ஒரு வரி இருக்கும். நர்ஸ் ஊசி மருந்தை கம்ப்யூட்டர்ல பதியறப்போ மணி அடிக்காது. கம்ப்யூட்டருக்குப் படம் தெரியும், படிக்கத் தெரியாது.

அதே வரி, பெனிசிலின் ஒவ்வாமைக்கான ஸ்னோமெட் குறியீடா போயிருந்தா? எந்த மாநிலத்து மென்பொருளா இருந்தாலும் நிறுத்திக் கேட்டிருக்கும்: "இந்த மருந்து நிச்சயமா போடணுமா?"

விதியை நிறைவேத்துறது வேற. விதி எதுக்காக வந்துச்சோ அதை நிறைவேத்துறது வேற.

9/
அளவு விஷயத்துக்கு ஒரு உதாரணம்.

சிங்கப்பூர்ல இருந்து ஊருக்கு வந்தவர் லேப் ரிப்போர்ட் கொண்டு வர்றார்னு வெச்சுக்குவோம். வெறும் வயித்து சுகர் 9. அங்கே மில்லிமோல் கணக்கு. நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல பெருக்கணும், 162 வரும். அதாவது சுகர் கட்டுப்பாட்டுல இல்லை.

அலகு இல்லாம "9"னு மட்டும் நம்ம மென்பொருள் எடுத்துக்கிட்டா? சுகர் அதலபாதாளத்துல இருக்குன்னு அர்த்தம். இன்னொரு டாக்டர் அதை மூணு மாத சராசரி 9 சதவீதம்னு நினைச்சுக்கலாம். ஒரே எண், மூணு அர்த்தம், மூணு வைத்தியம்.

லாயின்க்ல இது குழம்பாது. மில்லிகிராம் கணக்குல எடுத்த வெறும் வயித்து சுகருக்கு 1558-6, மில்லிமோல் கணக்குக்கு 14771-0. எண்ணைப் பார்த்தாலே எது என்னன்னு தெரிஞ்சிடும்.

10/
இப்போ நம்ம மலைக்கே உரிய பிரச்சினை.

எங்க ஓபி கம்ப்யூட்டரைப் பார்த்தா, பாதி மலை ஜனவரி 1-ஆம் தேதி பிறந்த மாதிரி இருக்கும். காரணம் சிம்பிள். பெரியவங்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. வயசு சுமாரா சொல்வாங்க. மென்பொருள் தேதி, மாசம் இல்லாம விடாது. ஊழியர் என்ன பண்ணுவார்? 01-01 தட்டுவார்.

அடுத்து பேர். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். மென்பொருளோ முதல் பேர், கடைசிப் பேர்னு ரெண்டு கட்டம் வெச்சிருக்கு. ஒரு தடவை இனிஷியல் முன்னாடி, ஒரு தடவை பின்னாடி, ஒரு தடவை புருஷன் பேர். காவேரிங்கிற பேரை ஆங்கிலத்துல மூணு விதமா எழுதுவாங்க. ஒரே ஊர்ல நாலு காவேரி, நாலு பேரும் ஜனவரி 1. இதுல எந்த காவேரிக்கு எந்த ரத்த ரிப்போர்ட்?

11/
இதுல வேடிக்கை என்னன்னா, தரநிலை இதைக் கேட்கவே இல்லை.

ஃபயர் முறையில பிறந்த வருஷம் மட்டும் போதும், தேதி மாசம் விட்டுடலாம். பேரையும் பிரிக்காம முழுசா ஒரே வரியா எழுதலாம். ஒவ்வாமைக்கும் அப்படித்தான். "இல்லைன்னு உறுதியா தெரியும்", "கேட்டோம், அவங்களுக்குத் தெரியலை", "கேட்கவே இல்லை". இது மூணையும் தனித்தனியா பதிய வழி இருக்கு.

அன்னைக்கு அந்தத் திரையில "தெரியவில்லை"ன்னு ஒரு பொத்தான் இருந்திருந்தா, டாக்டர் ஒரு நிமிஷம் நின்னு திரும்பக் கேட்டிருப்பார்.

கட்டாயக் கட்டம் வெச்சா தகவல் வரும்னு மென்பொருள் எழுதுறவங்க நம்புறாங்க. கூட்டம் நெரியுற ஓபியில கட்டாயக் கட்டம் பொய்யைத்தான் பிறப்பிக்கும். காலியா இருக்கிற கட்டம் ஆபத்தில்லை. பொய்யா நிரம்புன கட்டம்தான் ஆபத்து.

12/
தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்துல அனுபவம் குறைவில்லை. உலக வங்கி உதவியோட 2005-ல தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்துலேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்கு கம்ப்யூட்டர் வந்தது. கர்ப்பிணிகளுக்கு பிக்மி பதிவு இருக்கு. அந்த 12 இலக்க ஆர்சிஎச் எண் இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்க அலையணும்னு எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5-ல சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம், சுகர் பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகுது.

ஒவ்வொண்ணும் நல்ல திட்டம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனிப் பதிவு. கிராம சுகாதார செவிலியர்கிட்ட பேசிப் பாருங்க. ஒரே பொண்ணோட ஒரே எடையை நோட்டுல ஒரு தடவை, ஆப்ல ஒரு தடவை, இன்னொரு போர்ட்டல்ல ஒரு தடவை எழுதுவாங்க. மலையில சிக்னல் கிடைக்கிற திட்டு தேடி ஃபோனைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறவங்களும் அவங்கதான்.

தரநிலை ஒழுங்கா நடந்தா முதல் பலன் அவங்களுக்குத்தான். ஒரு தடவை எழுதினா எல்லா இடத்துக்கும் போகணும். அப்படிப் போகலைன்னா அது டிஜிட்டல் இல்லை, கூடுதலா ஒரு ரிஜிஸ்டர்.

13/
ஊக்கத்தொகையும் வந்தது. 2023 ஜனவரியில தொடங்கின திட்டத்துல, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல இணைக்கிற ஒவ்வொரு பதிவுக்கும் ஆஸ்பத்திரிக்கு 20 ரூபாய்னு அறிவிச்சாங்க.

நல்ல எண்ணம்தான். ஆனா எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தா எண்ணிக்கைதான் வரும். குறியீடு போட்ட முழுப் பதிவுக்கும் இருபது ரூபாய், மங்கலா ஸ்கேன் பண்ணின ஓபி சீட்டுக்கும் இருபது ரூபாய்னா, எது அதிகம் வரும்னு நீங்களே சொல்லுங்க.

"இத்தனை கோடி பேருக்கு ஆபா எண்"ன்னு செய்தி வர்றப்போ எனக்கு ஒரே கேள்விதான். அதுல எத்தனை எண்ணைத் திறந்தா, உள்ளே கம்ப்யூட்டர் படிக்கக்கூடிய ஒரு ஒவ்வாமைத் தகவலாவது இருக்கு?

14/
"டாக்டருங்க டைப் பண்ண மாட்டாங்க, அதுதான் பிரச்சினை"ன்னு சொல்வாங்க. பாதி உண்மை, ஒத்துக்கறேன்.

ஒரு நோயாளிக்கு ரெண்டு நிமிஷம் கிடைக்கிற ஓபியில, குறியீட்டை யாரும் மனப்பாடமா தட்ட முடியாது. தட்டவும் வேண்டாம். நான் "சுகர்"னு மூணு எழுத்து அடிச்சா, சரியான குறியீட்டை மென்பொருள் பின்னாடி போட்டுக்கணும். அது டாக்டரோட வேலை இல்லை, மென்பொருளோட வேலை.

இங்கிலாந்து பெரிய பாடம். 2002-ல நாடு முழுக்க ஒரே அடியா ஆஸ்பத்திரிகளைக் கம்ப்யூட்டர்ல கொண்டு வர ஒரு பிரம்மாண்டத் திட்டம் போட்டாங்க. பல ஆயிரம் கோடி செலவாச்சு. 2011-ல கலைச்சுட்டாங்க. மேலே இருந்து திணிச்சு, வார்டுல வேலை செய்றவங்களைக் கேட்காம விட்டது ஒரு முக்கியக் காரணம். நாம அந்தப் பணத்தைக் கட்டாமலேயே பாடத்தைப் படிச்சுக்கலாம்.

15/
"எல்லாத்தையும் இணைச்சா நம்ம ரகசியம் என்னாகும்?" நியாயமான பயம்.

இந்தத் திட்டத்துல உங்க பதிவெல்லாம் டெல்லியில ஒரே இடத்துல குவியுறதில்லை. எந்த ஆஸ்பத்திரியில உருவாச்சோ அங்கேயே இருக்கும். நீங்க சம்மதம் கொடுத்தாத்தான் இன்னொரு இடத்துக்குப் போகும். எதுக்கு, எவ்வளவு நாளைக்குன்னு நீங்களே வரம்பு வைக்கலாம். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துடுச்சு.

ஆனா சட்டம் மட்டும் காப்பாத்தாது. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்களையே சைபர் தாக்குதல் முடக்கி, பல நாள் பேப்பர்ல வேலை பார்த்தாங்க.

16/
எங்க மலைக்கு இது இன்னும் நெருக்கம். 2023 ஜூலை 1-ல தொடங்கின தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம், 2047-க்குள்ள அந்த ரத்தசோகையை ஒழிக்கணும்னு பழங்குடிப் பகுதிகள்ல பரிசோதனை நடத்துது. சேர்வராயன் மலையில வாழ்ற மலையாளி மக்களும் பழங்குடியினர்தான்.

அந்த நோயை வெறுமனே கடத்துறவருக்கு வழக்கமா எந்தத் தொந்தரவும் இருக்காது. அப்பா அம்மா ரெண்டு பேரும் கடத்துறவங்களா இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இந்தத் தகவல் டாக்டருக்குப் போனா நல்லது. ஊர்ல கசிஞ்சா ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னு போகும்.

தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகணும், போகக்கூடாத இடத்துக்குப் போகக்கூடாது. ரெண்டும் சேர்ந்ததுதான் தரநிலை. ஓடிபி வந்ததும் எதுக்குன்னு கேட்காம எடுத்துச் சொல்றது சம்மதம் ஆகாது.

17/
சரி, என்ன பண்ணலாம்? நான் கேட்கிறது நாலே விஷயம்.

ஒண்ணு: இந்தத் தரநிலைகள் இன்னும் பெரும்பாலும் பரிந்துரைதான், டிஜிட்டல் மிஷன்ல சேர்றதும் விருப்பத்தைப் பொறுத்ததுதான். அரசுப் பணத்துல வாங்குற மென்பொருளுக்காவது கட்டாயம் ஆக்கணும்.

ரெண்டு: எல்லாத்தையும் ஒரே நாள்ல குறியீடாக்க வேண்டாம். ஒவ்வாமை, நோயின் பேர், இப்போ சாப்பிடுற மருந்து, முக்கியமான லேப் அளவு. இந்த நாலு மட்டும் பிடிஎஃப்ல போகக்கூடாது.

மூணு: ஊக்கத்தொகையை, போய்ச் சேர்ந்து இன்னொரு ஆஸ்பத்திரியில பயன்பட்ட பதிவுக்குக் கொடுங்க.

நாலு: மென்பொருளுக்குப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரியில ஒரு பரிசோதனைப் பதிவுல ஒவ்வாமையை ஏத்துங்க. கீழே சேலத்துல இன்னொரு கம்பெனியோட மென்பொருள்ல அதே நோயாளிக்கு அந்த மருந்தை எழுதுங்க. மணி அடிச்சா பில்லைப் பாஸ் பண்ணுங்க. அடிக்கலைன்னா எத்தனை சான்றிதழ் காட்டினாலும் திருப்பி அனுப்புங்க.

18/
இதெல்லாம் நடக்கிற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

✅ உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ எந்த மருந்தாவது ஒத்துக்கலைன்னா, அந்த மருந்தோட பேரை டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. பிராண்ட் பேர் இல்லை, மூலப்பொருள் பேர்.

✅ ஆஸ்பத்திரியில யாரும் கேட்கலைன்னாலும் நீங்களே முதல்ல சொல்லுங்க: "இந்த மருந்து எனக்கு ஆகாது."

✅ லேப் ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுக்கிறப்போ எண் மட்டும் இல்லாம, பக்கத்துல இருக்கிற அலகும் தெரியுற மாதிரி எடுங்க.

✅ ஆபா எண் இருந்தா, அதுல என்ன பதிவு இருக்குன்னு ஒரு தடவை ஆப்ல திறந்து பாருங்க. காலியா இருந்தா அடுத்த தடவை ஆஸ்பத்திரியில கேளுங்க: "என் பதிவை இதுல இணைச்சீங்களா?" பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு அவங்களே செய்வாங்க.

✅ பேர், இனிஷியல், பிறந்த வருஷம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கொடுங்க.

19/
அந்தம்மா கால் ஆறி, மலை ஏறி வந்தாங்க. கையில டிஸ்சார்ஜ் சம்மரி. மூணாம் பக்கத்துல, நடுவுல ஒரு வரியா, என்ன நடந்துச்சுன்னு எழுதியிருந்தது. அதை வெச்சு எந்தக் கம்ப்யூட்டரும் யாரையும் எச்சரிக்காது.

ஒரு அட்டையில தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்தேன்: "பெனிசிலின், அமாக்ஸிசிலின் போடக்கூடாது." மகள் அதை லேமினேட் பண்ணி அம்மாவோட மஞ்சப்பையில வெச்சிருக்காங்க. இப்போதைக்கு இந்த மலையில இருந்து கீழே ஒழுங்கா இறங்குற மருத்துவப் பதிவு அதுதான்.

அந்த அட்டை தேவைப்படாத நாள் வரணும். அதுவரைக்கும் பையில இருந்து அதை எடுக்காதீங்கம்மான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, இன்னைக்கே ஒரு அட்டை எழுதி வெச்சுடுங்க.


சேர்வராயன் மலையில இருந்து, ஒரு பொதுநல மருத்துவர்